கன்னியம்மா கட்டிய பெட்டி

கன்னியம்மா கட்டி அனுப்பிய பெட்டிக்குள் தையல் மிஷின் உடைந்து கிடந்தது என்று கடிதத்தில் படித்தபோது நான் நம்பவில்லை. ரயில்வே மேல்தான் கோபம் வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் பதினேழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். எந்தப் பெட்டி உடையும், எது ஒழுகும், எது நாறும் என்பதைத் தராசில் ஏற்றும்போதே சொல்லிவிடுவேன். என் பெயர் யக்ஞநாராயணன். அதை முழுசாக உச்சரித்தவர்கள் அந்த ஸ்டேஷனில் இரண்டு பேர்கூடக் கிடையாது. எல்லாருக்கும் நான் பார்சல் சார். முன்கோபி என்றும் சொல்வார்கள், அதை நான் மறுத்ததில்லை. ஏனோதானோ என்று கட்டிய மூட்டையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நான் தட்டிக்கூடப் பார்க்காமல் உள்ளே அனுப்பியது ஒரே ஒருத்தி கட்டிய பெட்டிகளைத்தான். அவள் கன்னியம்மா.

ஒல்லியான உடம்பு, வரிந்து கட்டிய புடவை, கொண்டையில் செருகிய கோணி ஊசி. அரை அடி நீள இரும்பு ஊசி அது. பூ வைக்கிற இடத்தில் இதை வைத்துக்கொண்டு திரிகிறாயே என்று நான் கேலி செய்வேன். "பூவு வச்சா அது சோறு போடுமா சார்?" என்பாள். புருஷன் குப்பன் அதே ஸ்டேஷனில் சிவப்புச் சட்டை போர்ட்டர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, ஒரே பெண் காந்திமதி. பார்சல் ஆபீஸ் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, ரயிலில் சாமான் அனுப்ப வருகிறவர்களுக்குக் கோணி சுற்றித் தைத்துக் கொடுப்பது கன்னியம்மாவின் தொழில்.

எண்பத்திரண்டு வரைக்கும் அவளும் மற்றவர்களைப் போலத்தான் கட்டினாள். அந்த வருஷம் அருள்மேரி என்ற நர்சம்மாவுக்கு மதுரைக்கு மாற்றலானது. அந்த அம்மாவிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கை மிஷின் ஒன்று இருந்தது. கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறத்தில் பூக்கொடி. கன்னியம்மா அதை அடிப்பலகையோடு அப்படியே வைக்கோல் வைத்துக் கோணியில் சுற்றித் தைத்துவிட்டாள். மதுரையில் பிரித்துப் பார்த்தால் கைச்சக்கரம் உடைந்திருந்தது. தலையைப் பலகையோடு பிடித்திருந்த கீல்கள் இரண்டும் பிய்ந்திருந்தன. நர்சம்மா லீவில் வந்தபோது நேராக மரத்தடிக்கு வந்து, உடைந்த சக்கரத்தைக் கன்னியம்மாவின் முன்னால் போட்டுவிட்டுக் கத்து கத்தென்று கத்தினாள். பிளாட்பாரமே வேடிக்கை பார்த்தது. கன்னியம்மா பேயறைந்தவள் மாதிரி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரும்பு உடையும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் டைலர் யேசுதாசன் கடைக்குப் போய், "அண்ணா, ஒரு மிஷினைக் கயட்டி மாட்டிக் காட்டு" என்று உட்கார்ந்துகொண்டாள். யேசுதாசனும் பொறுமைசாலி. ஒரு மாதம் சாயங்காலம் சாயங்காலம் போனாள். கூடவே காந்திமதியையும் கூட்டிப் போனாள். அம்மா மிஷினைக் கழற்றக் கற்றுக்கொண்டாள், பெண் தைக்கக் கற்றுக்கொண்டது. மாதம் முடிந்ததும் என்னிடம் வந்து, "இரும்புன்னு நெனச்சிகினு இருந்தோம் சார். அது இரும்பு இல்ல, அப்பளம்" என்றாள். வார்ப்பிரும்பு அப்படித்தான். அடி பட்டால் வளையாது, படக்கென்று முறிந்துவிடும்.

அதற்குப் பிறகு அவள் கட்டுகிற முறையே வேறாகிவிட்டது. முதலில் தோல் பெல்ட்டைக் கழற்றுவாள். கீல் திருகுகளைத் தளர்த்தித் தலையைத் தனியாகத் தூக்கி எடுப்பாள். ஊசி, பாபின், நூல்கண்டு மாட்டுகிற கம்பி எல்லாவற்றையும் எடுத்து ஒரு துணியில் முடிந்துகொள்வாள். எண்ணெயைத் துடைத்து, துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்துக்குக் கீழே நாலாக மடித்த துண்டு ஒன்றை வைத்து இறக்குவாள். பழைய வேட்டியால் தலையைச் சுற்றி, அதன் மேல் காகிதம் சுற்றுவாள். பிறகுதான் மரப்பெட்டி. அதில் போடுகிற வைக்கோலை இரண்டு நாள் வெயிலில் காய வைத்திருப்பாள். "ஈர வைக்கோலு உள்ள வேர்த்துப் பூடும் சார், துரு புடிச்சிக்கும்" என்பாள். பெட்டியின் ஆறு பக்கமும் நாலு விரல் அகலத்துக்கு வைக்கோல் நிற்க வேண்டும். இரும்பு எந்த இடத்திலும் பலகையைத் தொடக் கூடாது. விரலை விட்டு அளந்து பார்ப்பாள். வைக்கோலைத் தவிர அந்த நாலு விரலில் ஒரு குண்டூசிகூட வைக்க விடமாட்டாள்.

மூடியில் ஆணி அடிக்குமுன் என்னைக் கூப்பிடுவாள். "சார், காது குடு." நான் பெட்டியில் காதை வைக்க, அவளும் குப்பனும் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார்கள். உள்ளே துளி சத்தம் வந்தாலும் திரும்பப் பிரிப்பாள். "சத்தம் வந்தா அது பார்சலு இல்ல சார், கிலுகிலுப்பை." நல்ல சம்பளக்காரன் நான், கோணிக்கடைக்காரி கூப்பிட்டதும் போய்ப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். ஸ்டேஷன் மாஸ்டர்கூடச் சிரிப்பார். எனக்கு அதில் ஒரு பெருமைதான்.

ஏர்போர்ஸ்காரர்கள், நர்சுகள், காலேஜ் வாத்தியார்கள் என்று மாற்றலாகிப் போகிற கூட்டம் தாம்பரத்தில் எப்போதும் உண்டு. பழைய மிஷினென்றால் கன்னியம்மாவிடம் போ என்று ஒருவருக்கொருவர் சொல்ல ஆரம்பித்தார்கள். பொத்தேரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பத்து வருஷம். ஒரு மிஷின் உடைந்தது என்று ஒரு கடுதாசி வரவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே தலைவலி ஜனங்கள்தான். நம் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெட்டியில் காலி இடத்தைப் பார்த்தால் கை அரிக்கும். வைக்கோல் இருக்கிற இடம் அவர்கள் கண்ணுக்கு வெறும் இடம். எப்படியும் பெட்டி போகத்தானே போகிறது, கூட ஒரு ஜாடி போனால் என்ன என்பார்கள். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் போகிற பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். எண்பத்தேழில் மேடவாக்கத்திலிருந்து செல்லியம்மாள் என்று ஒரு அம்மாள் வந்தாள், நிலம் நீச்சு உள்ள குடும்பம். திருநெல்வேலியில் வாக்கப்பட்ட மகளுக்கு மிஷின் அனுப்புகிறாள். கன்னியம்மா டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்த அம்மாள் வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஊறுகாய் ஜாடி, புளி உருண்டை, ரெண்டு தேங்காய், ஒரு பித்தளைச் சொம்பு எல்லாவற்றையும் உள்ளே திணித்து வைத்திருந்தாள்.

கன்னியம்மா ஒவ்வொன்றாக எடுத்து அந்த அம்மாளின் காலடியில் வைத்தாள்.

"பொண்ணுக்கு ஆசையா வச்சேன்டி. அதைப் போயி எடுக்கறியே!" என்று செல்லியம்மாள் கத்தினாள்.

"உன் ஆசைய வேற பொட்டில கட்டித் தரேன்க்கா. இதுல மிஷினு மட்டும்தான் போவும்."

"எங்க வூட்டுப் பொட்டி. நான் வப்பேன், நீ யாரு கேக்கறதுக்கு?"

"அப்ப உன் வூட்லயே கட்டிக்கோ. நான் தைக்க மாட்டேன்" என்று கன்னியம்மா ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். கடைசியில் ஊறுகாய் வேறு மூட்டையாகத்தான் போனது. நான் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நாலு பேர் இருந்தால் ரயில்வே உருப்படும் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன்.

இனிமேல்தான் எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம் வருகிறது.

தொண்ணூறில் காந்திமதிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை துரை குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்த கோவில்பட்டிக்காரன். நல்ல பையன். ஒன்றரை வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனான். அங்கே லாரி செட்டில் வேலை, ஒரு நாள் இருந்தால் இரண்டு நாள் இல்லை. தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் தனிக்குடித்தனம் வைத்தார்கள். அந்த ஊரில் படிப்பில்லாத பெண்களுக்குக் கிடைக்கிற வேலை தீப்பெட்டி ஆபீஸ்தான். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

காந்திமதிக்கு மட்டும் ஒரு வழி திறந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்க ஆள் தேடினார்கள். அவள் தைத்த ஒரு பாவாடை சட்டையைப் பார்த்துவிட்டு, சொந்த மிஷின் இருந்தால் வேலை உனக்கு, ஜூன் ஒன்றாம் தேதிக்குள் தைக்க ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கென்று ஒரு மிஷின் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன பல்லாவரத்து ஆங்கிலோ இந்திய அம்மா ஒருத்தி, சாமான் கட்ட வந்த கன்னியம்மாவிடம் விட்டுப்போன பழைய கால் மிஷின். யேசுதாசன் கடைக்குப் பிறகு காந்திமதி தைத்ததெல்லாம் அதில்தான். "அம்மா, மிஷின அனுப்பு. அது வந்துட்டா நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகளின் கடிதங்கள் பார்சல் ஆபீஸ் விலாசத்துக்கு வரும், நான் படித்துக் காட்டுவேன். அந்தக் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

மே மாதம் பாதியில், கத்திரி வெயிலில், பெட்டி வந்தது. வழக்கமாக மரத்தடியில்தான் கட்டுவாள். இதை வீட்டிலேயே கட்டி, கோணியும் தைத்து முடித்து, ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தாள். கால் ஸ்டாண்டு தனி மூட்டை. "காது குடு" என்று அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை. சொந்தப் பெண்ணுக்குக் கட்டியது, நான் வேறு காதை வைத்துப் பார்க்க வேண்டுமா என்று நானும் விட்டுவிட்டேன்.

பெட்டியைத் தராசில் ஏற்றினேன். முள் முப்பத்தொன்றில் நின்றது. கன்னியம்மாவின் மிஷின் பெட்டி இருபத்திரண்டு இருக்கும், மிஞ்சிப்போனால் இருபத்து நாலு. எனக்கு அது மனப்பாடம்.

"என்ன கன்னியம்மா, கனம் ஜாஸ்தியா இருக்கே?"

"பலாக்கட்டையில அடிச்சேன் சார், கெட்டியா இருக்கட்டும்னு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கோணியில் நீட்டிக்கொண்டிருந்த சணலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லியிருப்பேன். அரைக் கிலோவுக்காக மனிதர்களை அழ வைத்திருக்கிறேன். அன்றைக்கு, தையல் மிஷின், முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குப்பனே அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் ராத்திரி வண்டிக்கு ஏற்றினான்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. ஜன்னல் அருகே கன்னியம்மாவை நிற்க வைத்துக்கொண்டு பிரித்தேன். "அம்மா, மிஷின் வந்துச்சு. கழுத்து ஒடஞ்சு ரெண்டாப் போயிருக்கு. வழியில எங்கயோ யாரோ தூக்கிப் போட்டிருக்காங்க. நீ கட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல. நீ மனச விட்டுடாத." கழுத்து என்பது ஊசிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வளைந்து போகிற கை. அது முறிந்தால் மிஷின் வெறும் இரும்பு. பற்ற வைத்தாலும் பழைய நேர்த்தி வராது, ஊசி ஒரு பக்கம், பாபின் ஒரு பக்கம் ஓடும்.

கன்னியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்.

"இன்னா சார் ரயிலு ஓட்டுறீங்க? ஒரு பொட்டிய ஒயுங்காக் கொண்டுபோயி எறக்கத் தெரியல? எம் பொண்ணு பொயப்பு சார் அது!"

நானும் அவளோடு சேர்ந்துகொண்டு என் டிபார்ட்மெண்டையே திட்டினேன். அது மட்டுமா, பத்து வருஷமாக ஒரு மிஷின் உடைந்ததில்லை, இது கட்டியவள் குற்றமாக இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்லி, நஷ்ட ஈடு கேட்டு நானே மனு எழுதினேன். கன்னியம்மா கைநாட்டு வைத்தாள். அன்றைக்குக் குப்பனையும் விடவில்லை. "நீதான ஏத்துன? எப்டி ஏத்துன? தொப்புனு போட்டியா?" என்று நடு பிளாட்பாரத்தில் வைத்துக் கேட்டாள். பிள்ளையைப் படுக்க வைப்பது போல வைத்தேன் என்று அவன் சத்தியம் பண்ணினான். அவள் நம்பவில்லை. அதற்கப்புறம் புருஷனோடு அவள் பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவாளாம்.

பத்து நாள் கழித்துக் கோவில்பட்டியிலிருந்து விளக்கம் கேட்டு எங்களுக்குத் தாள் வந்தது. பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததால் ஸ்டேஷனிலேயே, ஊழியர்கள் முன்னால், துரையையும் காந்திமதியையும் வைத்துக்கொண்டு பிரித்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததை வரிசையாக எழுதியிருந்தார்கள். நான் படித்தேன். மறுபடியும் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தேன். வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். கன்னியம்மா யாருடையதோ பாத்திர மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கன்னியம்மா, இதைக் கேள்" என்று வாய்விட்டுப் படித்தேன். "தையல் இயந்திரத் தலை ஒன்று, கழுத்தில் முறிந்துள்ளது. கல்லுரல் ஒன்று, சிறியது. அதன் குழவி ஒன்று. துணிப்பையில் உப்பும் மஞ்சளும். குறுக்குப் பலகை ஆணி பிடுங்கிக் கிடந்தது. கல்லுரல் இயந்திரத்தின் கழுத்தின் மேல் கிடந்தது."

ஊசி கோணியில் பாதி ஏறிய நிலையில் அவள் கை நின்றுவிட்டது.

"உரல் வெச்சியா? நீயா? மிஷின் பெட்டியிலயா?" என் குரல் எனக்கே பிடிபடவில்லை. பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"புது வூடு சார்" என்றாள். "எங்க வூட்ல பொண்ணு தனியாப் போனா, மொத பொட்டில உப்பு, மஞ்சா, ஒரு கல்லு வச்சித்தான் அனுப்புவோம். குடும்பம் கல்லாட்டம் நிக்கணும்னு. எங்கம்மா எனக்கு அப்டித்தான் அனுப்புச்சி. காந்திமதி இஞ்சி நசுக்கக்கூட மாமியா வூட்டுக்கு ஓடுறேன்னு எயுதியிருந்தாளே சார், நீதான படிச்ச. பம்மல்ல கல்லு கொத்துறவங்ககிட்ட சொல்லி வாங்கினேன்."

"ஊரார் பெட்டியிலேருந்து பத்து வருஷமாப் பொறுக்கிப் பொறுக்கி வெளியில போட்டியே! மேடவாக்கத்து அம்மாளைத் தேங்காய் வைக்க விட்டியா நீ?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போது சொன்ன பதில்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"அவங்களுக்குக் கட்டத் தெரியாதே சார். எனக்குத் தெரியுமே."

தெரியும்தான். உரலை இரண்டு கோணியில் சுற்றி அடியில் வைத்து, அதன் மேல் குறுக்கே ஒரு பலகையை ஆணி அடித்து இறுக்கி, அதற்கு மேல் வைக்கோல், மிஷின் என்று வைத்திருக்கிறாள். பெட்டி நேராக இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. வழியில் எங்கேயோ அது தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. பார்சல் என்றால் தலைகீழாகவும் நிற்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான். கல்லின் பாரம் ராத்திரி முழுக்கப் பலகையை இழுத்து, வண்டி குலுங்கக் குலுங்க ஆணி பிடுங்கிக்கொண்டு, கல் நேராகக் கழுத்தில் இறங்கியிருக்கிறது.

நான் இன்னும் திட்டியிருப்பேன். முப்பத்தொன்று என்று என் கையெழுத்தில் எழுதியது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். தெரிந்தே கண்ணை மூடியவன் நான். அந்தப் பெண்ணின் மிஷினை உடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

கன்னியம்மா தாளை வாங்கித் தலைகீழாகவே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இத பிரிக்கும்போது காந்திமதி கூட இருந்தாளா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கா. கையெழுத்துப் போட்டிருக்கா."

"உரலப் பாத்துகினு நின்னிருக்கா. ஆனா கடுதாசில ஒரு வார்த்த எயுதல. யாரோ தூக்கிப் போட்டாங்கன்னு எயுதினா." அவ்வளவுதான் சொன்னாள். தைத்த மூட்டையை முடித்துக் கொடுத்துவிட்டு, பிளாட்பாரக் கோடியில் பீடி குடித்துக்கொண்டிருந்த குப்பனிடம் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மனு தள்ளுபடி ஆயிற்று. ஆகாமல் என்ன செய்யும். அதற்கெல்லாம் காத்திருக்க நேரமும் இல்லை, ஜூன் ஒன்றாம் தேதி தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்னும் நாலு நாள் தவணை கேட்டிருக்கிறேன் என்று காந்திமதி எழுதியிருந்தாள். கன்னியம்மா யேசுதாசனிடம் போய் நின்றாள். அவர் கடையில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய தலையைத் துடைத்து, எண்ணெய் விட்டு, "கொண்டு போம்மா, எப்ப முடியுமோ அப்பக் குடு" என்றார். ஸ்டாண்டுதான் அங்கே இருக்கிறதே, அதில் இது உட்காரும்.

"நல்லாக் கட்டு, நான் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேன், இன்னிக்கே ஏத்திடலாம்" என்றேன்.

"என் கையால கட்ட மாட்டேன் சார்."

"வேற யாரையாவது கட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே தூக்கிகினு போறேன்."

தாம்பரத்திலேயே மிஷின் கட்டத் தெரிந்த ஒரே ஆள், ஒரு மிஷினைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பகல் வண்டியில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் மதுரை வரைக்கும் போனாள். அங்கிருந்து மறுநாள் காலையில் பஸ். பதிமூன்று பதினாலு கிலோ இரும்பு. வழியில் தண்ணீர் குடிக்கக்கூட அதைக் கீழே வைக்கவில்லையாம். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன்.

அவள் போய்ச் சேர்ந்தது ஒரு நாள் தாமதம். பள்ளிக்கூடத்து வேலையை வேறொரு தையல்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். காந்திமதி தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மூன்று வருஷம் போனாள். யேசுதாசன் கொடுத்த தலையில் சாயங்காலம் ரவிக்கையும் பாவாடையும் தைத்தாள். தொண்ணூற்றைந்தில்தான் அந்தப் பள்ளிக்கூடத்துத் துணி அவளிடம் வந்தது, அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீசை விட்டாள். கன்னியம்மா தாம்பரத்துக்குத் திரும்பி வந்து பழையபடி மரத்தடியில் உட்கார்ந்தாள். மிஷின் கட்டுவதையும் விடவில்லை. யாராவது ஊறுகாய் ஜாடியோடு வந்தால் மட்டும் முன்னைப் போலச் சண்டை போடுவதில்லை. ஜாடியை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வேணாம்க்கா" என்பாள். அந்தக் குரலைக் கேட்டு யாரும் மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை.

கோவில்பட்டியில் அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் என்னிடம் சொன்னது நான் மாற்றலாகிப் போகிற வாரத்தில், தொண்ணூற்றாறில். நானாகக் கேட்கவில்லை. என் வீட்டுச் சாமானை மூட்டை கட்டிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

அவள் போனபோது வீடு பூட்டியிருந்திருக்கிறது. வாசற்படியில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் சாயங்காலம் வந்தது. காந்திமதி இறங்கி வந்தாள், விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்து ஒட்டிச் சிவந்திருந்தது. கன்னியம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒரு மன்னிப்பை யோசித்து வைத்திருந்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அம்மா பேசுவதற்குள் அவளே சொன்னாள்.

"உரலுக்கு ஒண்ணும் ஆவலம்மா. நல்லாத்தான் கீது. தெனம் அதுலதான் அரைக்கிறேன்."

இதைச் சொல்லி முடித்தபோது கன்னியம்மாவின் கையிலிருந்த சணல் கீழே விழுந்துவிட்டது. அவள் அதை எடுக்கவில்லை. "அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் அவ என்னை ஒரு வார்த்த கேட்டதில்ல சார்" என்றாள். "ஏம்மா வச்சன்னு ஒரு தபா கேட்டுட்டாத் தேவல. கேக்கவே மாட்டேங்கறா." சொல்லிவிட்டு என் வீட்டு மூட்டையின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.